வீட்டில் இருக்க முடியாதவர்களின் படம்

கேட்கப்பட்டது மூன்று விஷயம். கதையில் ஒரு நீண்ட பயணம் வந்துவிட்டாலே அதை ரோடு மூவி என்று சொல்லிவிடலாமா? இந்த வகைப் படம் ஏன் அமெரிக்காவில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? புதிதாகப் பார்க்க வருகிறவர் எங்கே தொடங்கலாம்? பல வருடங்களாக இந்தப் படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை: பயணம் மட்டும் போதாது. புதையல் தேடிப் போகிற படத்திலும் பயணம் இருக்கிறது, துரத்தல் படத்திலும் இருக்கிறது. அங்கெல்லாம் போய்ச் சேர்வதுதான் கதை. நடுவில் வரும் ஊரும் மலையும் தாண்டித் தீர வேண்டிய தடைகள். ரோடு மூவியில் வழியில் நடப்பதுதான் கதை. சேர வேண்டிய இடம் பாதியிலேயே மங்கிப்போகும். சில படங்களில் அந்த இடம் கண்ணிலேயே படாது. விம் வெண்டர்ஸ் எடுத்த 'பாரிஸ், டெக்சஸ்' (1984) படத்தின் பெயரே ஓர் ஊர்ப் பெயர்தான். நாயகன் டிராவிஸ் அந்த ஊரில் ஒரு காலி மனையை வாங்கிப் போட்டிருக்கிறான். அதன் புகைப்படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு அலைகிறான். படம் முடியும்வரை யாரும் அந்த மனைக்குப் போவதில்லை. அந்தச் சின்னப் புகைப்படத்தில் பார்ப்பதோடு சரி.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோடு மூவி என்றாலே சுதந்திரம், திறந்தவெளி, காற்றில் பறக்கும் முடி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சுவரொட்டிகளும் அதையே காட்டின. ஆனால் இந்த வகையின் நல்ல படங்களை எடுத்து, அதில் வருகிறவர்கள் எதற்காகக் கிளம்பினார்கள் என்று மட்டும் பாருங்கள். நிலம் பறிபோயிருக்கும். கல்யாணம் முறிந்திருக்கும். ஒரு கொலை நடந்திருக்கும். வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஆலையே மூடப்பட்டிருக்கும். இனி இங்கே இருக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் வண்டிச் சாவி கைக்கு வருகிறது. ஊர் சுற்றும் ஆசையில் பிறந்த வகை என்று இதை நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

வழியில் நடப்பதைக் கதையாக்குவதைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. ஹோமரின் ஒடிசியஸ் வீடு திரும்ப முடியாமல் கடலில் அலைகிறான். 1605இலும் 1615இலும் இரண்டு பாகமாக வந்த 'டான் கிஹோட்டே'யில் இரண்டு பேர், இரண்டு வாகனங்கள், ஓயாத பேச்சு, சத்திரத்துக்குச் சத்திரம் ஒரு சம்பவம் என்று ரோடு மூவியின் முழு எலும்புக்கூடும் இருக்கிறது. நம்மிடம் இருப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. அகப்பாடல்களின் உடன்போக்கை நினைத்துப் பாருங்கள். வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்து தலைவனும் தலைவியும் பாலை வழியே கிளம்பிவிடுகிறார்கள். வழிப்பறி செய்யும் ஆறலைகள்வர், தகிக்கும் வெயில், பின்னால் தேடிக்கொண்டு வரும் செவிலித்தாய், எதிரே வந்தவர்கள் சொல்லும் சாட்சி எல்லாம் அதில் உண்டு. கலித்தொகையில் ஒரு செவிலி எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தி, 'ஒரு பெண்ணும் அவள் தலைவனும் இந்தப் பக்கம் போவதைப் பார்த்தீர்களா' என்று கேட்கிறாள். ஓடிப்போகும் காதலர்களைப் பற்றிய எந்த அமெரிக்கப் படத்திலும் பெட்ரோல் பங்கில் வந்து விசாரிக்கும் போலீஸ்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவிலிதான் நினைவுக்கு வருகிறாள். அவள் தேடி வருவதில் பாசம் இருக்கிறது, இவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

சரி, அப்படியென்றால் ஏன் அமெரிக்கா?

அந்த நாட்டின் கதையே மேற்கு நோக்கிப் போவதாகத்தான் சொல்லப்பட்டு வந்தது. கிழக்கே வாழ்க்கை சரியில்லையா, மேற்கே போ, நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கதை சொன்னவர்கள் மறைத்தார்கள். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து, குடியேறிய பகுதிக்கும் குடியேறாத பகுதிக்கும் நடுவே இனி எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை என்று அரசே அறிவித்தது. 1893இல் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்கரின் குணத்தையே உருவாக்கியது அந்த எல்லைப்புறம்தான், அது முடிந்துவிட்டது என்று வாதிட்டார். போவதற்கு இடம் தீர்ந்துவிட்டது. ஆனால் போகும் பழக்கம் தீரவில்லை. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. முதலில் 850 டாலர், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே. குதிரை வைத்திருந்த குடியானவர் கார் வாங்கினார். 1926இல் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும் ரூட் 66 நெடுஞ்சாலைக்கு எண் கொடுக்கப்பட்டது.

அதற்கு முன்பே இலக்கியம் வழி போட்டு வைத்திருந்தது. மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884இல் வந்தது. சாலைக்குப் பதில் மிசிசிப்பி ஆறு, காருக்குப் பதில் தெப்பம். ஹக் கிளம்புவது அடித்து நொறுக்கும் தகப்பனிடமிருந்து தப்பிக்க. ஜிம் கிளம்புவது தன்னை விற்றுவிடுவார்கள் என்று தெரிந்ததால். இரண்டு பேருக்கும் வீடு என்பது ஆபத்து. பிற்பாடு வந்த அத்தனை ஜோடிப் பயணங்களுக்கும் விதை அந்தத் தெப்பத்தில் இருக்கிறது.

சினிமாவில் இந்த வகை முதலில் முகம் காட்டியது பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில். ஃபிராங்க் கேப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934) ஒரு காதல் நகைச்சுவை. பணக்கார அப்பாவிடமிருந்து ஓடும் பெண்ணும் வேலை போன பத்திரிகைக்காரனும் மயாமியிலிருந்து நியூயார்க் நோக்கிப் பஸ்ஸில் போகிறார்கள். அந்தப் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பாடும் ஒரு காட்சி இருக்கிறது. காசில்லாத நாட்டின் மனநிலையை அந்தப் பாட்டு அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ஆறு வருடம் கழித்து ஜான் ஃபோர்டு, ஸ்டைன்பெக்கின் நாவலான 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'தைப் படமாக்கினார். வறட்சியும் கடனும் சேர்ந்து ஓக்லஹோமாவின் குத்தகை விவசாயிகளைத் துரத்த, ஜோட் குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய லாரியில் ஏற்றிக்கொண்டு ரூட் 66இல் கலிஃபோர்னியா போகிறது. ஸ்டைன்பெக் அந்தச் சாலைக்கு வைத்த பெயர் 'தாய்ச்சாலை'. பெற்ற மண் கைவிட்டுவிட்டது, சாலைதான் தாய் என்கிறார். இந்த வகையின் மூலப்படம் எது என்று கேட்டால் நான் கை காட்டுவது இதைத்தான். இதில் ஒருவருக்கும் கிளம்ப ஆசை கிடையாது.

அப்புறம் ஓடும் காதலர்கள். ஜோசப் லூயிஸ் எடுத்த 'கன் கிரேஸி' (1950) படத்தில் ஒரு வங்கிக் கொள்ளை வருகிறது. கேமராவைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டார்கள். முன்னால் அவனும் அவளும். ஊருக்குள் வண்டி நுழைகிறது, நிறுத்த இடம் தேடுகிறார்கள், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவன் இறங்கி வங்கிக்குள் போகிறான். கேமரா போகவில்லை, காரிலேயே இருக்கிறது. ஒரு போலீஸ்காரர் வருகிறார், அவள் இறங்கிப் பேச்சுக் கொடுக்கிறாள். அவன் ஓடி வருகிறான், வண்டி சீறிக்கொண்டு கிளம்புகிறது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. இவ்வளவும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கொள்ளையை நாம் பார்க்கவே இல்லை, ஆனால் கொள்ளைக்காரரோடு காரில் உட்கார்ந்திருந்தோம். படம் பார்ப்பவரை மூன்றாவது பயணியாக்கும் இந்த வித்தை பிற்பாடு இந்த வகைக்கே இலக்கணமாகிவிட்டது.

இந்தக் காதலர்கள் கடைசியில் செத்தே ஆக வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் தணிக்கை. 1934 முதல் கண்டிப்பாக அமலான ஹேய்ஸ் விதிகளின்படி குற்றவாளி தண்டனை பெறாமல் படம் முடியக் கூடாது. 1968இல் அந்த விதிகள் போய்விட்டன. ஆனாலும் சாலையின் முடிவில் சாவு காத்திருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. விதிகள் போவதற்கு முந்தைய வருடமே ஆர்தர் பென்னின் 'போனி அண்ட் கிளைட்' (1967) அந்தச் சாவையே படத்தின் உச்சமாக்கிக் காட்டியிருந்தது.

இதற்கிடையில் சாலைகளே மாறிவிட்டன. 1919இல் அமெரிக்க ராணுவ வாகன அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச்சேர 62 நாள் ஆனது. அந்த அணியில் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசனோவர். பிற்காலத்தில் அவர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1956இல் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் ஜாக் கெரவாக்கின் 'ஆன் தி ரோட்' நாவல் வந்து ஒரு தலைமுறையையே கிளப்பிவிட்டது. அதே ஐம்பதுகளில்தான் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்குகள் உச்சத்தில் இருந்தன. நாடு முழுக்க நாலாயிரத்துக்கும் மேல். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். காரின் முன்கண்ணாடி வழியே உலகைப் பார்த்துப் பழகிய ஜனம், அதே கண்ணாடி வழியே சினிமாவையும் பார்த்தது. ரோடு மூவியின் சட்டகம் அவர்கள் கண்ணில் ஏற்கெனவே இருந்தது.

அதன் பிறகு 1969இல் 'ஈஸி ரைடர்'. டென்னிஸ் ஹாப்பர் இயக்கம், பீட்டர் ஃபோண்டாவும் அவரும் நடிப்பு. சுமார் நாலு லட்சம் டாலரில் எடுத்த படம் கோடிக்கணக்கில் வசூலித்ததும் பெரிய ஸ்டுடியோக்கள் திகைத்துப்போய் இளம் இயக்குநர்களுக்குக் கதவைத் திறந்தன. அந்த வரலாறு பலருக்கும் தெரியும். நான் சொல்ல நினைப்பது இரண்டு சின்ன விஷயம். முதலாவது, மோட்டார் சைக்கிளில் கிளம்பும் இரண்டு நாயகர்களும் போகும் திசை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. முன்னோர் வந்த வழியில் தலைகீழாகத் திரும்பிப் போகிறார்கள். மேற்கே தேடியது கிடைக்கவில்லை என்பதை வசனமே இல்லாமல் வரைபடம் சொல்லிவிடுகிறது. இரண்டாவது, தொடக்கத்தில் வரும் ஒரு பண்ணைக் காட்சி. மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சர். ஒரு பண்ணைக்காரரின் கொட்டகையில் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். அதே சட்டகத்தில், பக்கத்திலேயே, பண்ணைக்காரர் தன் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருக்கிறார். இங்கே சக்கரம், அங்கே குளம்பு. யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்த இரண்டு பேருக்கும் படத்தில் பெயர் வயட், பில்லி. பழைய மேற்கத்தியக் கதைகளின் வயட் ஏர்ப்பும் பில்லி தி கிட்டும்தான் அது. கௌபாய் படம் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் வாரிசு யார் என்று அந்தக் கொட்டகையில் காட்டிவிட்டார்கள்.

இந்தப் படம் தொழில்நுட்ப வகையிலும் ஒரு திருப்பம். அதற்கு முன் கார்க் காட்சி என்றால் பெரும்பாலும் ஸ்டுடியோவில் அசையாத காரை நிறுத்தி, பின்திரையில் சாலையை ஓட்டிக் காட்டுவார்கள். கேமரா எடை குறைந்ததும் வண்டியோடு சேர்ந்து ஓட முடிந்தது. லாஸ்லோ கோவாக்ஸின் ஒளிப்பதிவில் வெயில் நேராக லென்ஸில் பட்டுத் தெறிக்கிறது. முன்பு அதைத் தவறு என்று வெட்டி எறிந்திருப்பார்கள். பின்னணி இசைக்குப் பதில் அப்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்த ராக் பாடல்களையே போட்டார்கள். சாலையும் பாட்டும் சேர்ந்தே வரும் வழக்கம் அதன் பிறகு விட்டுப்போகவில்லை.

1971இல் வந்த 'டூ-லேன் பிளாக்டாப்', 'வேனிஷிங் பாயின்ட்' இரண்டும் இந்தப் பாதையின் கடைக்கோடிக்கே போய்விட்டன. முன்னதில் பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது. டிரைவர், மெக்கானிக், அவ்வளவுதான். கடைசியில் திரையில் பிலிம் சுருளே தீப்பிடித்து எரிவதுபோல் முடிகிறது. 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது, அடுத்த வருடம் நாடெங்கும் வேக வரம்பு 55 மைல் ஆனது. வேகத்தின் போதை தெளிய ஆரம்பித்தது.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. இந்தச் சாலை யாருடையது? விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பினப் பயணிகளை எந்த விடுதி உள்ளே விடும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற பட்டியல் அது. அறுபதுகளின் நடுப்பகுதிவரை அது தேவைப்பட்டது. கெரவாக்கின் நாயகர்கள் நினைத்த இடத்தில் இறங்கிய அதே நாட்டில், இருட்டுவதற்குள் எந்த ஊரைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கார் ஓட்டிய குடும்பங்கள் இருந்தன. இந்த வகைப் படங்களின் பெரும்பகுதி அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இது இந்த வகையின் பெரிய குறை என்று உறுதியாகச் சொல்வேன்.

பெண்களுக்கும் அப்படித்தான். நீண்ட காலம் அவர்கள் பக்கத்து சீட்டில்தான் இருந்தார்கள். 1985இல் ஆனியெஸ் வார்தா 'வேகபாண்ட்' எடுத்தார். தனியாக அலையும் ஓர் இளம்பெண், பள்ளத்தில் குளிரில் விறைத்துக் கிடக்கும் அவள் சடலத்தில் படம் தொடங்குகிறது. அவள் நடக்கும் ஷாட்டுகளில் கேமரா வலமிருந்து இடமாக நகர்கிறது, நாம் வாசிக்கும் திசைக்கு எதிராக. காரணம் புரியாமலே நமக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருக்கும். ஆறு வருடம் கழித்து 'தெல்மா அண்ட் லூயிஸ்' வந்தது. எழுதியவர் கேலி கூரி, அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். இரண்டு நாள் உல்லாசமாகக் கிளம்பிய தோழிகள், பலாத்கார முயற்சி ஒன்றுக்குப் பிறகு திரும்ப முடியாதவர்கள் ஆகிறார்கள். டெக்சஸ் வழியாகப் போகவே மாட்டேன் என்று லூயிஸ் அடம்பிடிக்கிறாள். அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்வதே இல்லை. வரைபடத்தில் ஒரு மாநிலத்தையே சுற்றிக்கொண்டு போகும் அளவுக்கு ஒரு காயம். ரோடு மூவி எழுத நினைப்பவர்கள் அந்த ஒரு முடிவைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த வகை அமைதியானது. இங்மார் பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) படத்தில் ஒரு வயதான பேராசிரியர் பட்டம் வாங்க ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகருக்குக் காரில் போகிறார். வழியெல்லாம் தன் வாழ்க்கையே எதிர்ப்படுகிறது. வெண்டர்ஸின் 'கிங்ஸ் ஆஃப் தி ரோட்' (1976) படத்தில் சினிமா புரொஜெக்டர் பழுதுபார்க்கும் ஒருவன், பிளவுபட்ட ஜெர்மனியின் எல்லையோரச் சிற்றூர்களில் திரையரங்கு திரையரங்காகப் போகிறான். 1998இல் வால்டர் சாலஸின் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' வந்தது. ரியோ ரயில் நிலையத்தில் எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் டோராவும், தாயை இழந்த சிறுவனும் அவன் தகப்பனைத் தேடிப் போகிறார்கள். டோரா அந்தக் கடிதங்களைப் பெரும்பாலும் தபாலில் சேர்த்ததே இல்லை. அந்தப் பாவத்தின் மேல்தான் முழுப் பயணமும் நகர்கிறது.

ஆனால் காரை ஓர் அறையாகப் புரிந்துகொண்டவர் அப்பாஸ் கியாரோஸ்தமி. காரில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்வை முன்னால் சாலையில். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகவும் முடியாது. வீட்டில் பத்து வருடம் சொல்லாத விஷயம் காரில் வெளியே வருவதற்குக் காரணம் இந்த உட்காரும் முறைதான். 'டேஸ்ட் ஆஃப் செர்ரி' (1997) படத்தில் தற்கொலை முடிவோடு இருக்கும் ஒருவர், தன்னைப் புதைக்க ஆள் தேடி டெஹ்ரானின் புறநகர் மண்மேடுகளில் வண்டி ஓட்டுகிறார். படப்பிடிப்பில் நடிகர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் இயக்குநரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். 'டென்' (2002) படத்தில் டாஷ்போர்டில் இரண்டு டிஜிட்டல் கேமரா, பத்து உரையாடல்கள், அவ்வளவுதான். முதல் உரையாடலில் அம்மாவோடு மல்லுக்கு நிற்கும் சிறுவனின் முகத்தை மட்டும் கால்மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறார். ஓட்டுவது யார் என்று அதுவரை நமக்குத் தெரியாது.

'பாரிஸ், டெக்சஸ்' படத்தின் இறுதிப் பகுதியும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. டிராவிஸ் தன் மனைவியைக் கண்டுபிடித்துவிடுகிறான். நடுவில் ஒருவழிக் கண்ணாடி, அவன் அவளைப் பார்க்கலாம், அவளால் அவனைப் பார்க்க முடியாது. பேசுவது தொலைபேசியில். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைச் சொல்ல முடிகிறது. கார் இல்லாத இடத்தில் கார் சீட்டை உண்டாக்கிக்கொள்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். வரலாற்று வரிசையில் பார்க்க வேண்டாம். 'பாரிஸ், டெக்சஸ்' முதலில், பிறகு 'தெல்மா அண்ட் லூயிஸ்', அதன் பிறகு 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. கையோடு 'நோமேட்லேண்ட்' (2020) பாருங்கள். ஆலை மூடியதும் ஊரே காலியாகிப்போன ஒரு பெண் வேனில் வாழ்கிறாள். ஜோட் குடும்பத்தின் லாரியும் இந்த வேனும் எண்பது வருட இடைவெளியில் ஒரே காரணத்துக்காக ஓடுவது தெரியும். 'ஈஸி ரைடர்' அதற்கப்புறம் போதும். முதலில் பார்த்தால் இந்த வகையே மோட்டார் சைக்கிள் சாகசம் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

கடைசிக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' (1999). 1994இல் உண்மையில் நடந்தது. ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற 73 வயதுக்காரருக்குப் பார்வை மங்கல், ஓட்டுநர் உரிமம் கிடையாது. பக்கவாதம் வந்து கிடக்கும் அண்ணனைப் பார்க்க, அயோவாவின் லாரன்ஸ் ஊரிலிருந்து விஸ்கான்சினின் மவுண்ட் சயன்வரை சுமார் 240 மைல், புல்வெட்டும் வண்டியிலேயே போனார். லாரிகள் அவரை உரசிக்கொண்டு பறக்கின்றன. அவர் சாலையோரமாக, நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்ந்துகொண்டிருக்கிறார். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி. கடைசியில் வாசல் திண்ணையில் உட்கார்ந்ததும் அண்ணன் வெளியே நிற்கும் அந்த வண்டியைப் பார்க்கிறான். என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறான். ஆமாம் என்கிறார் ஆல்வின். அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்க்கிறார்கள்.